பிரேக்கைத் தாங்கும் சின்னத் துண்டு: பழைய சைக்கிளுக்குக் கேபிள் ஹேங்கர் பொருத்தலாம், வாங்க!

பிரேக் பிடித்தால் சைக்கிள் ஏன் நிற்கிறது? இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் சக்கரத்தை உரசும் ரப்பர் கட்டையைக் காட்டுவார்கள். இன்னும் கொஞ்சம் கவனிப்பவர்கள் பிரேக் பிடியையும் அதிலிருந்து இறங்கும் கேபிளையும் சேர்த்துச் சொல்வார்கள். பழைய பாணிச் சைக்கிள்களில் இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு பாகம் உண்டு. ஒரு விரல் நீளம்கூட இருக்காது. அதன் பெயர் கேபிள் ஹேங்கர். அது சரியாக இல்லையென்றால், புதுக் கேபிள் போட்டாலும் புது ரப்பர் போட்டாலும் சைக்கிள் ஒழுங்காக நிற்காது.

நான் போலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா படிக்கிறேன். கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டுப் பழைய சைக்கிள் ஒன்றுக்கு இந்தப் பாகத்தைப் பொருத்தினேன். அரை நாள் வேலைதான். ஆனால் வகுப்பில் கரும்பலகையில் பார்த்த பாதிப் பாடங்கள் அந்த அரை நாளில் கைக்கு வந்தன. உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் அப்படி ஒரு சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கலாம். அதைத் தூக்கிப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

தம்பிக்கு ஒரு சைக்கிள்

எங்கள் மாமா 1980களில் வாங்கிய பத்து கியர் சைக்கிள் அது. ஆட்டுக்கொம்பு போல் வளைந்த ஹேண்டில்பார், ஒல்லியான டயர், குரோம் பூசிய இரும்பு ரிம். மாமா மோட்டார் சைக்கிளுக்கு மாறிய பிறகு பல ஆண்டுகளாக அது அவர் வீட்டுப் பின்புறத்தில்தான் இருந்தது. இந்த ஆண்டு படிவம் 4க்குப் போன என் தம்பிக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. பள்ளி எங்கள் தாமானிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பள்ளிப் பேருந்துக் கட்டணமும் மிச்சமாகும் என்று அம்மாவிடம் கணக்குச் சொன்னான்.

அம்மாவின் பயம் வேறு. தாமானை விட்டு வெளியே வரும் சாலை சரிவானது. சரிவு முடியும் இடத்தில் லாரிகள் ஓடும் பெரிய சாலை. "நிக்காத சைக்கிள்ல என் பிள்ளைய அனுப்ப மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அம்மா சொன்னது சரிதான். பின் பிரேக் ஓரளவு வேலை செய்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் பிடி ஹேண்டில்பாரைத் தொடும் வரை உள்ளே போனது, சக்கரமோ உருண்டுகொண்டே இருந்தது. பிரேக் பிடிக்கும்போது உடல் எடை முன்னால் சாய்வதால், சைக்கிளை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதுதான் இங்கே செத்துக் கிடந்தது.

கேபிளைத் தொடர்ந்து பார்த்தேன். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஹேங்கர் இருக்க வேண்டிய இடத்தில், எப்போதோ யாரோ ஒரு மெல்லிய தகட்டை வளைத்து, அதில் துளையிட்டுச் செருகியிருந்தார்கள். பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தத் தகடு பூ இதழ் போல் கீழே வளைந்தது. கையை விட்டால் மறுபடி நிமிர்ந்தது. தம்பி கொடுத்த விசை முழுவதும் தகட்டை வளைப்பதிலேயே தீர்ந்துபோனது. ரப்பர் கட்டைக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

நாடா இழுத்தால் துணி சுருங்கும்

ஒரு தகடு வளைவதால் பிரேக் ஏன் செயலிழக்க வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள ஒரு பாவாடை நாடா போதும்.

நாடாவின் ஒரு முனையை முடிச்சிட்டுத் துணியில் நிறுத்திவிட்டு மறுமுனையை இழுத்துப் பாருங்கள். நாடா உங்கள் பக்கம் வரும், துணி சுருங்கி எதிர்ப்பக்கம் ஓடும். நாடாவை இழுக்கும் அதே அளவு விசை துணியை எதிர்த்திசையில் தள்ளுகிறது. துணிக்குப் பதிலாக வளையாத ஒரு குழாய் இருந்தால் அது சுருங்காது, இழுத்த இழுப்பு முழுவதும் மறுமுனைக்குப் போய்ச் சேரும்.

பிரேக் கேபிள் அப்படிப்பட்ட ஏற்பாடுதான். உள்ளே இழுபடும் எஃகுக் கம்பி. வெளியே, தட்டையான கம்பியைச் சுருளாகச் சுற்றிப் பிளாஸ்டிக் போர்த்திய உறை. உள்கம்பி எவ்வளவு விசையோடு இழுபடுகிறதோ, அவ்வளவு விசையோடு வெளியுறை தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! ஆகவே உறையின் இரண்டு முனைகளும் அசையாத எதன்மீதாவது முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேல்முனை பிரேக் பிடியில் முட்டி நிற்கிறது. கீழ்முனை முட்டி நிற்கும் சுவர்தான் கேபிள் ஹேங்கர். அந்தச் சுவர் வளைந்தால், பிரேக்கும் வளைந்து போகும்.

இந்தக் கேபிளுக்கு இன்றும் பவுடன் கேபிள் என்றே பெயர். எர்னஸ்ட் மொனிங்டன் பவுடன் என்பவர் 1896இல் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ராலே சைக்கிள் நிறுவனத்தை நாட்டிங்ஹாமில் வளர்த்தெடுத்த ஃபிராங்க் பவுடன் வேறொருவர். பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இருவரையும் குழப்பிக்கொள்வதுண்டு.

நம் தாத்தாக்கள் தோட்டங்களில் ஓட்டிய கறுப்பு நிறப் பெரிய சைக்கிள்களில் இந்தக் கேபிள் கிடையாது. ஹேண்டில்பாரிலிருந்து சக்கரம் வரை இரும்புத் தண்டுகளே பிரேக்கை இழுத்தன. தண்டு நேராகத்தான் போகும். கேபிள் வளைந்து நெளிந்து எங்கும் போகும், எடையும் குறைவு. அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான், உறையின் இரு முனைகளுக்கும் ஓர் உறுதியான முட்டு தேட வேண்டிய கட்டாயம்.

எந்தச் சைக்கிளுக்கு ஹேங்கர் வேண்டும்?

எல்லாச் சைக்கிளுக்கும் தேவையில்லை. இன்றைய சாதாரண ரேசிங் சைக்கிள்களில் உள்ள பக்க இழுவை பிரேக்கில், உறை பிரேக்கின் ஒரு கையில் முட்டுகிறது, உள்கம்பி மறு கையை இழுக்கிறது. முட்டு பிரேக்குக்குள்ளேயே இருக்கிறது. 1990களின் நடுவில் மலைச் சைக்கிள்களில் பரவிய வி-பிரேக்கும் அப்படித்தான்.

ஹேங்கர் தேவைப்படுபவை இரண்டு வகை. ஒன்று, நடு இழுவை பிரேக். பிரான்சின் மாஃபாக், சுவிட்சர்லாந்தின் வெயின்மன், ஜப்பானின் டியா-கோம்ப் போன்ற நிறுவனங்கள் செய்த இந்த பிரேக்குகள் 1970களின் பத்து கியர் சைக்கிள்களில் ஏராளம். இரண்டு, கான்டிலீவர் பிரேக். வி-பிரேக் வருவதற்கு முந்திய மலைச் சைக்கிள்களில் இதுதான் இருந்தது.

இரண்டிலும் ஏற்பாடு ஒன்றே. சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள பிரேக் கைகளை ஒரு சிறு குறுக்குக் கம்பி இணைக்கிறது. அதன் நடுவில் ஒரு முக்கோணக் கொக்கி. மேலிருந்து வரும் கேபிள் அந்தக் கொக்கியை நேராக மேலே தூக்குகிறது. உங்கள் சைக்கிளில் பிரேக்குக்கு மேலே கம்பி ஒரு கூடாரம் போல் இரண்டாகப் பிரிந்தால், அதற்கு ஹேங்கர் கட்டாயம் வேண்டும். முன் சக்கரத்துக்கான ஹேங்கர் பெரும்பாலும் ஹேண்டில்பார் தண்டுக்குக் கீழே இருக்கும். பின் சக்கரத்துக்கானது சீட்டை இறுக்கும் போல்ட்டிலோ, அதன் கீழே சட்டத்திலோ தொங்கும்.

கடைக்குப் போகுமுன் அளவெடுங்கள்

எங்கள் பகுதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அங்கிளுக்கு எழுபது வயது இருக்கும். பாகம் கிடைக்குமா என்று கேட்டதற்கு அவர் மலாயில் சொன்ன பதில் சுருக்கமானது: பெயர் சொல்லாதே, அளவு சொல்.

அவர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. ஹேங்கரின் வளையம் ஃபோர்க்கின் கழுத்துக் குழாய்மேல் உட்கார வேண்டும். பெரும்பாலான பழைய சைக்கிள்களில் அந்தக் குழாயின் வெளிவிட்டம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மிமீ. பிற்கால மலைச் சைக்கிள்கள் பலவற்றில் 28.6 மிமீ. பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் 25 மிமீ. கண்ணால் பார்த்தால் 25க்கும் 25.4க்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் மரை மரையோடு சேராது. ஆய்வுக்கூடத்தில் கோலிக்குண்டையும் கம்பியையும் அளந்துவிட்டு மறந்துவிட்ட வெர்னியர் காலிப்பரை இப்போது வெளியே எடுங்கள். எங்கள் சைக்கிளில் 25.4 காட்டியது.

இரண்டாவது அளவு இன்னும் முக்கியம். கழுத்துக் குழாயின் உச்சியில் ஒரு பூட்டு நட் இருக்கிறது. அதன் கீழே ஹேங்கரை நுழைத்தால், ஹேங்கரின் தடிமன் அளவுக்கு நட் மேலே உயரும். நட் பிடித்துக்கொள்ளப் போதிய மரை அங்கே மீதி இருக்கிறதா? இல்லையென்றால் நட் இரண்டு சுற்றில் நின்றுவிடும், சில நாளில் கழன்றும் விடும். எங்கள் சைக்கிளில் அந்த வளைத்த தகட்டோடு ஒரு தடித்த வாஷரும் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டால் புது ஹேங்கருக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. இடமே இல்லாத சைக்கிள்களுக்கு, கேபிள் முட்டு சேர்ந்தே வரும் ஹேண்டில்பார் தண்டு போன்ற வேறு வழிகளைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

அளவைச் சொன்னதும் அங்கிள் ஒரு பழைய மைலோ டின்னைக் கவிழ்த்தார். அதற்குள் திருகாணிகளும் வாஷர்களும் குவிந்து கிடந்தன. ஒரு நிமிடத்தில் 25.4 மிமீ ஹேங்கர் ஒன்றை எடுத்து வைத்துவிட்டார். அதன் நுனியில் சிறு சரிசெய்யும் திருகும் இருந்தது. பெரிய ஸ்பேனர்களை இரவல் தந்து, வேலையைக் கடை வாசலிலேயே செய்துகொள்ளவும் இடம் கொடுத்தார்.

பொருத்தும் முறை

முதலில் பழைய கேபிளைக் கழற்றுங்கள். அடுத்து ஹேண்டில்பார் தண்டு. அதன் உச்சியில் உள்ள நீண்ட போல்ட்டை முழுவதும் கழற்ற வேண்டாம், சில சுற்றுகள் தளர்த்தினால் போதும். பிறகு போல்ட்டின் தலைமேல் ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டுங்கள். உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு இறங்கியதும், தண்டு மேலே வந்துவிடும்.

இப்போது பூட்டு நட் தெரியும். ஓர் அங்குலக் கழுத்துள்ள சைக்கிள்களில் இதற்குப் பெரும்பாலும் 32 மிமீ ஸ்பேனர் சரியாக இருக்கும். நட்டைக் கழற்றியதும், அதன் கீழே உள்ள வாஷரும், வாஷரின் கீழே பால் பேரிங்கை மூடியிருக்கும் மரையுள்ள கிண்ணமும் தெரியும். இந்தக் கிண்ணத்தைத் திருகிவிடாதீர்கள். ஃபோர்க்கைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது அதுதான்.

கழுத்துக் குழாயின் மரையைத் துணியால் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். வாஷர் முதலில், அதன்மேல் ஹேங்கர், அதன்மேல் பூட்டு நட். ஹேங்கர் நேராக முன்பக்கம் பார்க்க வேண்டும். நட்டை இறுக்கும்போது அது கூடவே சுழலப் பார்க்கும். ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது நண்பரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். கீழே உள்ள கிண்ணத்தை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள நட்டை இன்னொன்றால் இறுக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால் ஹேண்டில்பார் இரு பக்கமும் தங்குதடையின்றித் திரும்ப வேண்டும். சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் 'டக் டக்' என்ற ஆட்டம் இருக்கக் கூடாது. திரும்பும்போது பிடித்தால் அதிக இறுக்கம், ஆடினால் அதிகத் தளர்வு. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது. அதை விரல்தான் கண்டுபிடிக்கும்.

தண்டைத் திரும்பப் போடும்போது, அதன்மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கோடு குழாய்க்குள் மறைய வேண்டும். கோடு வெளியே தெரிந்தால், தண்டு உடையவோ கழன்று வரவோ கூடும்.

அடுத்து கேபிள். இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. கியர் கேபிளின் உறையும் பிரேக் கேபிளின் உறையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பிரேக்கின் பெரும் விசையில் அவை பிதுங்கி வெடித்துவிடும். பிரேக்குக்குச் சுருள் கம்பி உள்ள உறையை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

உறையை வெட்டியபின் முனையை அரத்தால் தேய்த்துச் சமமாக்குங்கள். முனைக்கு ஓர் உலோகத் தொப்பி மாட்டி, ஹேங்கரில் உட்காரவையுங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். கேபிள் எந்தப் பக்கமும் விறைக்கக் கூடாது, மடியவும் கூடாது.

உள்கம்பி ஹேங்கர் வழியாக இறங்கி முக்கோணக் கொக்கியில் இறுக்கப்படுகிறது. அப்போது ரப்பர் கட்டைகளை ரிம்மோடு அழுத்திப் பிடிக்க மூன்றாவது கை தேவைப்படும். பழைய ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை அந்தக் கையாக உதவியது. கொக்கிக்கும் ஹேங்கருக்கும் நடுவே 2 செமீ இடைவெளியாவது விடுங்கள். பிரேக் பிடிக்கும்போது கொக்கி மேலே ஏறி ஹேங்கரில் இடித்துவிட்டால், அதன்பின் எவ்வளவு பலமாகப் பிடித்தாலும் பிரேக்குக்கு விசை போகாது.

படிவம் 5 இயற்பியல் எங்கே வருகிறது?

படிவம் 5 இயற்பியலின் முதல் பாடத்தில் தொகுபயன் விசை, விசைச் சமநிலை எல்லாம் படிக்கிறோம். "இது எங்கே உதவப்போகுது?" என்று கேட்டவர்கள் இந்தக் குறுக்குக் கம்பியைப் பார்க்கலாம்.

கேபிள் கொக்கியை 300 நியூட்டன் விசையோடு மேலே இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விசை இரண்டு பக்கக் கம்பிகளுக்கும் பிரிகிறது. ஆளுக்குப் பாதி 150 என்றுதான் மனம் சொல்லும். கணக்கு வேறு சொல்கிறது. இரு கம்பிகளுக்கும் இடையே உள்ள கோணம் 60 பாகை என்றால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 173 நியூட்டன். 90 பாகை என்றால் 212. 120 பாகை என்றால் முழுதாக 300! கூடாரம் எவ்வளவு தட்டையாகிறதோ, அவ்வளவு விசை கூடுகிறது. விசை இணைகரத்தை வரைந்து நீங்களே சரிபார்க்கலாம்.

அப்படியானால் கூடாரத்தை முடிந்தவரை தட்டையாக்கிவிடலாமே? இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. தட்டையாக்கினால் விசை கூடும், ஆனால் அதே அளவு பிரேக் கை நகர, கொக்கி அதிகத் தூரம் ஏற வேண்டும். பிரேக் பிடி ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். விசையில் கிடைத்த லாபம் தூரத்தில் கழிந்துவிடுகிறது. ரப்பர் கட்டைகளை ரிம்முக்கு மிக அருகில் வைக்க முடிந்தால் கொஞ்சம் தட்டையாக்கலாம். ரிம் கோணலாக இருந்தால் முடியாது. எங்கள் சைக்கிளில் கோணமானியை வைத்துப் பார்த்து ஏறக்குறைய 90 பாகையில் நிறுத்தினேன். ரப்பருக்கும் ரிம்முக்கும் இடைவெளி 2 மிமீ அளவு.

பிரேக் ஏன் நடுங்குகிறது?

கான்டிலீவர் பிரேக் உள்ள சில சைக்கிள்களில், முன் பிரேக்கைப் பிடித்ததும் ஃபோர்க் கிடுகிடுவென்று நடுங்கும். பலர் ரப்பர் கட்டையைக் குறை சொல்லி அதை மாற்றுவார்கள். காரணம் சில வேளைகளில் ஹேங்கர் இருக்கும் இடமே.

பிரேக் பிடிக்கும்போது தரை டயரைப் பின்னுக்குத் தள்ளுகிறது, ஃபோர்க் சற்றே பின்பக்கம் வளைகிறது. ஹேங்கர் மேலே கழுத்தில் அசையாமல் நிற்கிறது, பிரேக்கோ ஃபோர்க்கோடு நகர்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் கூடுவதால் கேபிள் தானாக இறுகுகிறது. பிரேக் இன்னும் பலமாகப் பிடிக்க, ஃபோர்க் இன்னும் வளைகிறது. ஒரு கட்டத்தில் பிடி வழுக்கியதும் ஃபோர்க் முன்னே துள்ளுகிறது. மறுபடி பிடி, மறுபடி துள்ளல். இதுதான் நடுக்கம். கழுத்தில் ஆட்டம் இருந்தால் இன்னும் மோசமாகும்.

இதற்கு ஒரு தீர்வு, ஹேங்கரைக் கழுத்திலிருந்து இறக்கி ஃபோர்க்கின் தோளிலேயே பொருத்துவது. அப்போது ஹேங்கரும் பிரேக்கும் சேர்ந்தே நகரும், நடுவே தூரம் மாறாது. ஃபோர்க்கின் தோளில் உள்ள துளை காலியாக இருக்கும் கான்டிலீவர் சைக்கிள்களுக்கே இது பொருந்தும். நடு இழுவை பிரேக்குகளில் பெரும்பாலும் அந்தத் துளையில் பிரேக்கே உட்கார்ந்திருக்கும்.

கேபிள் அறுந்தால்?

இந்த வகை பிரேக்குகளில் அதிகம் பேர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. மேலிருந்து வரும் கேபிள் திடீரென அறுந்தால், கொக்கியும் குறுக்குக் கம்பியும் டயர்மேல் விழும். அந்தக் கம்பி டயரில் மாட்டிக்கொண்டால் முன் சக்கரம் ஒரு கணத்தில் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

இதைத் தடுக்க எளிய வழி இருக்கிறது. டயருக்கும் குறுக்குக் கம்பிக்கும் நடுவே ஒரு மட்கார்ட், அல்லது கம்பியைத் தாங்கிக்கொள்ளும்படி பொருத்திய முன் பிரதிபலிப்பானின் இரும்புப் பிடி. சைக்கிள் ஸ்டைலாகத் தெரிய வேண்டும் என்று இரண்டையும் கழற்றிவிடுபவர்கள் யோசிக்க வேண்டும். தம்பியும் "மட்கார்ட் வேணாம்க்கா, அசிங்கமா இருக்கு" என்றான். காரணத்தைச் சொன்னதும் அவனே போய் மட்கார்டைத் தேடி எடுத்து வந்தான்.

சாலைக்குப் போகுமுன் சோதனை

எல்லாம் முடிந்ததும், சைக்கிள்மேல் ஏறாமல், பிரேக்கைப் பத்து முறை பலமாகப் பிடித்து விடுங்கள். புதுக் கேபிளும் உறையும் அவற்றின் இடத்தில் படியும், பிடி கொஞ்சம் தளரும். ஹேங்கரின் திருகைத் திருப்பி அந்தத் தளர்வை எடுத்துவிடலாம். கொக்கியின் நட்டை இன்னொரு முறை இறுக்குங்கள். கம்பி அதற்குள் வழுக்குகிறதா என்று பார்க்க, கம்பியில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைக்கலாம்.

பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுங்கள். முன் சக்கரம் உருளக் கூடாது, பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். ரப்பர் கட்டை ரிம்மை மட்டும் தொட வேண்டும். டயரைத் தொட்டால் நாளடைவில் டயரை அறுத்துவிடும். கடைசியாக, வண்டி வராத சந்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

மழை நாளுக்குத் தனி எச்சரிக்கை. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால், எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும் பிடிப்பு வெகுவாகக் குறையும். மாலையானால் மழை பெய்யும் நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. வழக்கத்தைவிட முன்கூட்டியே பிரேக் பிடிக்க வேண்டும், சரிவில் வேகம் எடுக்கவிடக் கூடாது. தம்பிக்கு அம்மா போட்ட நிபந்தனையும் அதுதான்: மழை என்றால் சரிவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒத்துக்கொண்டான்.

கழற்றிப் பார்க்கும் பழக்கம்

"பாப்பா, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று மாமா முதலில் சொன்னார். கணக்குப் பார்த்தால், ஹேங்கர், கேபிள், உறை, ரப்பர் கட்டை எல்லாம் சேர்த்தும் ஒரு புதுச் சைக்கிளின் விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மிச்சமான பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. அந்தச் சைக்கிள் எப்படி நிற்கிறது என்று இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். பிரேக் பிடி வழக்கத்தைவிட அரை அங்குலம் உள்ளே போனால், எங்கே பார்க்க வேண்டும் என்று தம்பிக்குத் தெரியும்.

பழைய பொருள்களில் ஒரு நன்மை உண்டு. அவை எதையும் மூடி மறைப்பதில்லை. விசை எங்கே புறப்படுகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்பதைக் கண்ணாலேயே தொடர முடியும். பொறியியல் படிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடைக்காது.

உங்களிடம் ஸ்பேனர்கூட இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. இந்த வாரக் கடைசியில் வீட்டுச் சைக்கிளை நிறுத்தி வைத்து, பிரேக்கை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிடியிலிருந்து ரப்பர் கட்டை வரை கேபிளைக் கண்ணால் தொடருங்கள். நகர வேண்டியவை நகர்கின்றனவா? நகரக் கூடாதது ஏதேனும் நகர்கிறதா? அப்படி ஒன்று நகர்ந்தால், யாரையும் அந்தச் சைக்கிளில் ஏற விடாதீர்கள். அளவெடுத்துக்கொண்டு அருகில் உள்ள சைக்கிள் கடைக்குப் போங்கள். அங்கேயும் ஒரு பழைய டின் இருக்கும்.